ஆச்சியின் பவுன் காசுகள்: எதை உருக்கினோம், எதை விட்டோம்

வீட்டில் பழைய இங்கிலீஷ் பவுன் காசு இருந்து, கல்யாணச் செலவுக்கு உருக்கலாமா என்று யோசிப்பவர்கள் கடைப் படி ஏறும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு காசையும் வீட்டிலேயே எடை போட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். திருநெல்வேலி டவுண் ரத வீதிப் பக்கம் ஒரு நகைக்கடையில் எனக்கு நடந்ததை நினைத்தால் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தங்கை கல்யாணம். ஆச்சியின் காசுமாலை எப்போதோ அறுந்துபோய், பதினேழு காசு மட்டும் மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியில் கிடந்தது. விக்டோரியா ராணி, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று மூன்று பேர் தலையும் உண்டு. பதினொன்றில் கோர்ப்பதற்கு வளையம் பற்றவைத்திருந்தது. ஆறு வெறும் காசு. தாத்தாவின் அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது சேர்த்தவை என்று அம்மா சொல்வாள். எல்லாவற்றையும் உருக்கி வளையல் செய்துவிடலாம் என்பது அவள் கணக்கு. எனக்கு மனசு வரவில்லை. சரி, விலையாவது கேட்போம் என்று போனோம்.

அந்தக் கடை ஊழியர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் வாங்கிய வேகத்தில் வெறும் காசு ஒன்றின் விளிம்பை உரைகல்லில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். விளிம்பைச் சுற்றி நூறு வருஷமாகக் கூர்மையாக இருந்த வரிப்பற்கள் அந்த இடத்தில் நெல் நீளத்துக்கு மழுங்கிப்போயின. கல்லில் ஒரு மஞ்சள் கோடு. “பழைய தங்கம்லா அண்ணாச்சி, எண்பத்தஞ்சு டச்சுக்கு மேல நிக்காது. கழிவு வேற போகும். உருக்குனாத்தான் சரியாச் சொல்ல முடியும்” என்று சொல்லிக்கொண்டே மொத்தத்தையும் தட்டில் தள்ளி உள்ளே அனுப்பப் பார்த்தார். அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டாள். எண்ணி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

டச்சு என்றால் நூறு பங்கில் சுத்தத் தங்கம் எத்தனை பங்கு என்ற கணக்கு. எண்பத்தைந்து என்பது சுத்தப் பொய். இந்தக் காசு அரசாங்க அக்கசாலையில் 22 காரட்டில், அதாவது 91.6 டச்சில் அடித்தது. எடை 7.988 கிராம், அதற்குள் சுத்தத் தங்கம் 7.32 கிராம். குறுக்களவு 22 மில்லிமீட்டர். புழங்கித் தேய்ந்த காசு 7.93 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இந்த அளவெல்லாம் ஒத்துவந்தால் அதை உரைக்கவே தேவையில்லை. சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஹால்மார்க் மையத்தில் மிஷினில் வைத்துப் பார்க்கலாம். காசில் ஒரு கீறல்கூட விழாது. மிஷின் மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும் என்பதால் எடையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். நாங்கள் பார்த்ததில் பதினாறு காசும் தேறின. வளையம் வைத்த ஒன்று மட்டும் எடை ரொம்பக் குறைவு, ராணியின் மூக்கும் சப்பை. மாலைக்கு எண்ணிக்கை நிரம்பட்டும் என்று அந்தக் காலத்தில் எந்த ஆசாரியோ அச்சு வைத்துத் தட்டியது.

அப்புறம் மதுரைக்கு ஒரு வெட்டி அலைச்சல். பழைய காசு வாங்குகிறவர் ஒருவர் போனில் வரச் சொன்னார். போனால் கடை பூட்டிக் கிடந்தது. வெயிலில் நின்று நின்று, கடைசியில் வந்தவர், தலைப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சாதாரணம், தங்க விலையில கொஞ்சம் குறைச்சுத் தாரேன்” என்றார். பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை. வீட்டுக்கு வந்து நான் லென்ஸில் பார்த்தபோது, 1918 ஆம் வருஷக் காசு ஒன்றின் பின்பக்கத்தில், குதிரைவீரன் படத்தில் குதிரைக்குக் கீழே உள்ள தரையில், வருஷத்துக்கு நேர் மேலே, கடுகை விடச் சின்னதாக ஆங்கில ‘ஐ’ எழுத்து. பம்பாயில் அடித்த பவுன்! அங்கே இந்தக் காசை அடித்தது அந்த ஒரே வருஷம்தான். சிட்னிக்கு ‘எஸ்’, மெல்போர்னுக்கு ‘எம்’, பெர்த்துக்கு ‘பி’ என்று எழுத்து உண்டு. லண்டன் காசில் எழுத்து இருக்காது. அந்த ‘ஐ’யைக் கண்டதும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உருக்கத்தான் வேண்டும் என்ற அவள் பேச்சு அன்றோடு நின்றது.

அதற்காக லட்சம் கோடி என்று கனவு காணாதீர்கள். இந்தக் காசுகளில் பெரும்பாலானவை லட்சக்கணக்கில் அடித்தவை. தங்க விலைக்கு மேல் கிடைப்பது கொஞ்சம்தான். பழைய காசுக்குப் பெரிய விலை தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று போனில் யாராவது சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது.

வெறும் காசுகளை உருக்காமல் அடகு வைக்கலாம் என்று ஒரு வங்கிக்குப் போனேன். நகை என்றால் எடுப்போம், பழைய காசு எடுப்பதில்லை என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் முடிவு எளிதாகவே வந்தது. வளையம் வைத்த காசை சேகரிப்பவர்கள் விரும்பமாட்டார்கள். வளையத்தை எடுத்தாலும் தழும்பு போகாது. அதனால் அவை உருக்க. ஆறு வெறும் காசு, கல்லில் இழுபட்டதும் சேர்த்து, அப்படியே இருக்கட்டும். குறைகிற பணத்தைக் கையிலிருந்து போட்டுக்கொண்டோம்.

உருக்கியது பாளையங்கோட்டையில் தெரிந்த ஆசாரியின் பட்டறையில். அவர் செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள். வளையங்களையும் பற்றவைத்த பொடி ஒட்டியிருந்த இடத்தையும் அரத்தால் தனியே எடுத்தார். பொடியில் தங்கம் மட்டம், அதோடு சேர்த்து உருக்கினால் மொத்த டச்சும் இறங்கிவிடும் என்றார். தட்டின காசையும் ஒதுக்கிவிட்டார். மீதிப் பத்துக் காசு தராசில் 79.62 கிராம். குகையில், அதாவது தங்கம் உருக்கும் கிண்ணத்தில் போட்டு, வெங்காரம் தூவி, எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றி, ஆறினதும் மறுபடி தராசில் வைத்தார்: 79.55. மிஷினில் 91.6. எண்பத்தைந்துக்கு ஒத்துக்கொண்டிருந்தால் அஞ்சு கிராமுக்கு மேல் சுத்தத் தங்கம் போயிருக்கும், கழிவு தனி. எங்கே உருக்கினாலும் பக்கத்திலேயே நில்லுங்கள். முன் எடை, பின் எடை இரண்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வைத்துக்கொள்ளும் காசைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்க்க அம்மா கிளம்பினாள், தடுத்துவிட்டேன். பளபளப்பாக்கினால் காசின் மதிப்புத்தான் போகும். ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் காகித உறையில் போட்டால் போதும்.

இன்னொன்று. சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் ஞாபகத்துக்கு ஒரு காசு கேட்டார். நூறு வருஷம் தாண்டிய காசு 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். நாம் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அனுப்பவும் கூடாது. அவர் பங்கு இங்கேயே எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.