கிளினிக் அட்டையில் பதியப்படாத பஸ்

திருகோணமலை மாவட்டத்தின் தென்புறத்தில், மூதூருக்கும் வெருகலுக்கும் இடைப்பட்ட கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளின் புனர்வாழ்வுக்கான வெளிக்கள உத்தியோகத்தராகப் பணியாற்றிய காலத்தில், என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது பஸ் விவகாரம்தான். செயற்கைக் காலுக்கு அளவெடுப்பதானாலும், வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுப்பதானாலும், மாதாந்தக் கொடுப்பனவுக்கு மருத்துவச் சான்றிதழ் பெறுவதானாலும் ஒருவர் முதலில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் திருகோணமலை நகருக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு அந்தக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியான வழி, காலையில் உள்வீதிக்கு வந்து திரும்பிப் போகும் அந்த ஒரு பஸ் மட்டுமே.

மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ15 வீதியின் பழைய நிலையை அறிந்தவர்களுக்கு இன்றைய பயணம் எவ்வளவு இலகுவாகியிருக்கிறது என்பது தெரியும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய இடங்களிலும் அதன் பின்னர் பாலங்கள் எழுந்தன. அதற்கு முன்னர், ஆற்றைக் கடக்கும் மிதவையான 'பாதை' ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டியிருந்தது. சேற்றில் இறங்கி, ஆடும் பலகையில் ஏறி, மறுகரையில் மீண்டும் இறங்குவது ஊன்றுகோலோடு நடப்பவருக்கு எத்தகைய பாடு என்பதை விளக்கத் தேவையில்லை. ஆயினும் பாலங்களால் வந்த நன்மை பிரதான வீதியோடு நின்றுவிட்டது. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே ஓடும் பஸ்கள் சந்தியில் நிற்கும். சந்தியிலிருந்து வீடுவரை உள்ள கிரவல் வீதிக்கு அவை வருவதில்லை. பாலம் வேலை நடக்கும் காலத்தில் மாற்று வழி சரியாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 அன்று பார்த்தோம். பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலரின் உயிரைப் பறித்த அந்தப் பாதை விபத்துக்குப் பின்னர், இடைக்கால ஏற்பாட்டை ஒரு சிறிய விடயமாக என்னால் கருத முடியவில்லை.

உள்வீதிச் சேவை நிற்பதற்குக் காரணங்கள் பல. பஸ் பழுதாகி டிப்போவில் நிற்கும். உதிரிப்பாகம் வரும்வரை அந்தப் பயணமே இல்லை. பாடசாலை விடுமுறை தொடங்கினால், மாணவரை நம்பி ஓடிய பஸ் ஓடாது. திருவிழாக் காலங்களில் விசேட சேவைக்குப் பஸ்கள் எடுக்கப்படும்போது, முதலில் குறைக்கப்படுவது வருமானம் குறைந்த கிராமப் பயணங்கள்தான். 2022 எரிபொருள் நெருக்கடியில் பல நாட்கள் எந்த வாகனமும் உள்ளே வரவில்லை. மாரி காலம் தனிக் கதை. மகாவலியிலும் வெருகலாற்றிலும் வெள்ளம் பெருகி வீதி மூடப்படும்போது, பஸ் தண்ணீர் விளிம்பில் நின்றுவிடும். மற்றவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பார்கள், அல்லது உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்தப் பெட்டியில் ஏறுவது இரண்டு மூன்று ஆண்களின் தயவில் தங்கிய விடயம். அன்று அவர்கள் வயலுக்குப் போயிருந்தால் அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

பஸ் வந்த நாளிலும் தடை தீர்ந்துவிடுவதில்லை. முழங்காலுக்குக் கீழே கால் இழந்த ஒருவர் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இது விளங்கும். வீதிக்குத் தார்க் காப்பெட் போட்டு உயர்த்திவிட்டார்கள், ஓரம் உயரவில்லை. பஸ் காப்பெட்டின் மேல் நிற்க, பயணி அரை அடி தாழ்ந்த கிரவலில் நிற்கிறார். ஏற்கனவே முழங்கால் உயரத்தில் இருக்கும் முதற்படி அவருக்கு இடுப்பை நெருங்கிவிடுகிறது. அவர் முதலில் ஊன்றுகோல்களை நடத்துனரிடம் நீட்டுவார். பின்னர் இரு கைகளாலும் கம்பியைப் பிடித்து, நல்ல காலை மேலே வைத்து, உடம்பின் முழுப் பாரத்தையும் தோளால் இழுத்து ஏற்றுவார். அந்தக் கணத்தில் பஸ் அசையக்கூடாது. கிளட்ச் விடப்பட்டு வண்டி ஒரு குலுக்கல் குலுக்கினால் அவருக்குப் பிடிமானமாக இருப்பது கைகள் மட்டுமே. எங்கள் பகுதியில் ஓடிய ஒரு சாரதி, மதகின் கட்டு வீதியோடு சமமாக இருக்கும் இடம்வரை பஸ்ஸை முன்னே எடுத்து நிறுத்துவார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. அங்கே நின்றால் அந்த அரை அடி இல்லை. பணம் எதுவும் செலவாகாத இந்த ஏற்பாட்டை எல்லாத் தரிப்பிடங்களிலும் செய்யலாம் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

எல்லாச் சாரதிகளும் அப்படி நிறுத்துவதில்லை. அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. தனியார் பஸ்களில் சாரதியின் வருமானமும் நடத்துனரின் வருமானமும் அன்றைய வசூலில் தங்கியிருக்கின்றன. பின்னால் வரும் பஸ் முந்திவிட்டால் அடுத்த சந்தியில் நிற்கும் கூட்டம் போய்விடும் என்ற பதற்றத்தில்தான், ஊன்றுகோலைக் கண்டதும் "அண்ணே, அடுத்த பஸ்ல வாங்க, இதுல இடமில்ல" என்ற குரல் எழுகிறது. சில நேரம் சக்கர நாற்காலிக்குத் தனி டிக்கெட் கேட்பார்கள். இது ஒருவரின் குணம் பற்றிய பிரச்சினை மட்டுமாக இருந்திருந்தால் ஒரு பயிற்சிப் பட்டறையில் திருத்தியிருக்கலாம். ஆறுதலாக ஏற்றும் சாரதிக்கு அன்றைய கூலி குறையும் முறையை அப்படியே வைத்துக்கொண்டு, அவரிடம் இரக்கத்தை மட்டும் கேட்பதில் பயனில்லை.

பார்வையற்ற ஒருவருக்கு நடத்துனரின் கூவல்தான் பெயர்ப்பலகை. "மூதூர், கிண்ணியா, டவுன்" என்று வாசலில் நின்று கத்துவதை இரைச்சல் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு; அந்தக் குரல் இல்லாத பஸ்ஸில் எங்கே போகிறோம் என்று கேட்டுக் கேட்டுத்தான் ஏற வேண்டியிருக்கும். செவிப்புலனற்றவரின் நிலை இதற்கு நேர்மாறு. பஸ் இடையில் பழுதாகி "எல்லாரும் இறங்குங்க, பின்னால வாறதுல ஏறுங்க" என்று சொன்னால், கூட்டம் இறங்குவதைப் பார்த்துத்தான் அவர் விடயத்தை ஊகிக்கிறார்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறொன்று. மூளை முடக்குவாதமுள்ள மகனை இயன்மருத்துவத்துக்குக் கொண்டுவந்த ஒரு தாயின் கிளினிக் அட்டையில், அடுத்தடுத்த தவணைகளுக்கு எதிரே வரவில்லை என்று குறிக்கப்பட்டிருந்தது. முடிவில், குடும்பத்தின் ஒத்துழைப்புப் போதாது என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருந்தது. அந்தத் தவணைகளில் அவர் விடியற்காலையில் மகனை இடுப்பில் சுமந்து சந்திவரை வந்து, வெயில் ஏறும்வரை நின்று, பஸ் வராது என்று தெரிந்த பின்னர் வீடு திரும்பியிருக்கிறார். பையனுக்கு அப்போதே பத்து வயது தாண்டியிருந்தது. தாயின் தோள் வலியை நாங்கள் தனியாக வைத்தியரிடம் காட்ட வேண்டி வந்தது. பஸ் ஓடாத நாளை எந்த அலுவலகமும் அந்தத் தாயின் பக்கத்திலிருந்து எழுதி வைக்கவில்லை. அவர் வராத நாள் மட்டும் அட்டையில் ஏறியது. பின்னர் உதவித்திட்டங்களுக்குப் பயனாளிகளைத் தெரிவு செய்தபோது, அந்த அட்டை அவருக்கு எதிரான சாட்சியாகவே வாசிக்கப்பட்டது.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதியை வலியுறுத்தின. அதன் பயனாகப் பல அலுவலகங்களுக்கு இன்று சாய்தளம் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, கட்டடங்களோடு போக்குவரத்தையும், நகரத்தோடு கிராமத்தையும் சேர்த்தே பேசுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்தும் அதற்கு மேற்பட்ட வயதும் உடையோரில் 8.7 சதவீதத்தினர் ஏதோவொரு இயலாமையுடன் வாழ்ந்தார்கள். போரின் காயத்தையும் சுனாமியின் காயத்தையும் சுமக்கும் எங்கள் கிராமங்களில் அவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். சாய்தளத்தின் அடிவரை அவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது யார் என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை.

ஆட்டோச் செலவைக் கொடுத்துவிட்டால் போதும் என்று சக உத்தியோகத்தர்கள் சிலர் சொல்வார்கள். அவசர வேளையில் அது உதவும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மாதாமாதம் நகருக்குப் போய்வரும் ஆட்டோக் கூலி, கிடைக்கும் கொடுப்பனவில் பெரும்பங்கை எடுத்துவிடும். கிளினிக்குக்கு மட்டும் பணம் கொடுத்தால் சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் உறவினர் வீட்டுக்கும் அவர் எப்படிப் போவார்? தாழ்தள பஸ் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதை விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஆயினும் எங்கள் வீதிகளுக்கு அது வந்து சேரும்வரை, இருக்கிற பஸ் சொன்ன நேரத்தில் வருவதும், வராது என்றால் முதல்நாளே தெரிவதும்தான் முதல் அணுகல் வசதி என்பது என் கருத்து.

பிரதேச மட்டக் கூட்டத்தில் நாங்கள் முன்வைத்தவை இந்த அடிப்படையில் எழுந்தவைதான். கிளினிக் நாட்களில் உள்வீதிப் பயணத்தை வேறு சேவைக்கு மாற்றக்கூடாது என்பது வாய்மொழியாக ஏற்கப்பட்டது. பயணம் ரத்தானால் பஸ் நேரங்களைக் கவனிக்கும் நேரக்கணிப்பாளர் கிராம அலுவலருக்கு அழைத்துச் சொல்வதும் தொடங்கியது. கிராம அலுவலர் விடுமுறையில் இருக்கும் நாட்களில் அந்தத் தகவல் அவரோடு நின்றுவிடுகிறது. கிளினிக் அட்டையில் வரவில்லை என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், அன்று பஸ் ஓடியதா என்று குறிக்க ஒரு கட்டம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் எழுத்தில் கொடுக்கப்பட்டு, மறுமொழிக்காகக் காத்திருக்கிறது.