பொன்னம்பலவாணேஸ்வரத்தில் ஒரு பிரதோஷ மாலை

கொழும்பு கொச்சிக்கடையில் துறைமுகத்தை நோக்கி லொறிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் இருந்து பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள் காலடி எடுத்து வைத்தால் முதலில் உணர்வது கல்லின் குளிர்ச்சி. தரை கல், தூண் கல், மேலே விதானமும் கல். சித்திரை வெயிலில் வெளியே தார் வீதி கொதிக்கும்போதும் உள்ளே பாதம் குளிர்ந்துவிடும். கண் வெளிச்சத்தை மறந்து விளக்குக்குப் பழகக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்திலேயே மனம் பாதி அடங்கிவிடுகிறது.

கொட்டாஞ்சேனையில் இருந்து நான் நடந்தே போவேன். ஜம்பட்டா வீதி வழியாக நடந்தால் பூக்கடையும் தேங்காய்க் கடையும் தாண்டி, அந்தோனியார் ஆலயத்தின் அருகால் போகலாம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்றப் போகும் சைவர்கள் எங்கள் மாடிக்குடியிருப்பிலும் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே குண்டு வெடித்த பிறகு அந்த வாசலைக் கடக்கும்போது கைகூப்பாமல் என்னால் போக முடிவதில்லை.

அன்று பிரதோஷம். அம்மா சிவபதம் அடைந்து, அந்தியேட்டி முடிந்து, துடக்கும் கழிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா படுக்கையில் விழுந்த காலத்தில் நான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டேன். விடியற்காலையில் மருந்து, பத்து மணிக்குக் கஞ்சி, மத்தியானம் உடம்பு துடைத்துப் படுக்கை மாற்றுவது, மாலையில் விளக்கேற்றித் தேவாரம் என்று என் நாள் முழுவதும் இன்னொருவருடைய உடம்பைச் சுற்றியே ஓடியது. அவர் போன பிறகும் நாலு மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தால் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. அழுகையைத் தாங்கிக்கொள்ளலாம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு காலையில் எதற்காக எழுந்திருக்கிறோம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது.

தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். "அக்கா, இனி அங்கே யாருக்காக இருக்கிறீர்கள்? இங்கே வந்துவிடுங்கள்" என்று ஒவ்வொரு வாரமும் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். 'யாருக்காக' என்ற அந்தச் சொல்லுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவனுடைய மகள், என்மீது உயிரான பிள்ளை, "பெரியம்மா மாதிரி இருக்கிறவர்கள் தங்கள் இலக்குகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்" என்று சொன்னாள். அவள் என்னை அத்தை என்று அழைப்பதில்லை. சிறு வயதிலிருந்து பெரியம்மாதான். எழுத உட்கார்ந்தேன். மூன்று வரிக்கு மேல் போகவில்லை, அந்த மூன்றும் வீட்டுச் சாமான் வாங்குவது பற்றியவை.

அந்தக் கேள்வியைத்தான் அன்று சிவனிடம் கொண்டுபோனேன். மிச்சமிருக்கும் காலத்தை என்ன செய்வது என்று அவரே சொல்லட்டும் என்ற பிடிவாதம் எனக்குள் இருந்தது.

நான் போனபோது நந்திக்கு அபிஷேகம் தொடங்கியிருந்தது. குருக்கள் பாலை ஊற்ற ஊற்ற, அது நந்தியின் நெற்றியில் இருந்து இறங்கி, கழுத்து மடிப்புகளில் ஒரு கணம் தேங்கி, பிறகு மணிமாலையாகச் செதுக்கியிருந்த கல்மணிகளுக்கு இடையில் பிரிந்து ஓடியது. பால் நின்றதும் கல் மறுபடி கறுத்தது. இளநீர், சந்தனம், கடைசியில் அறுகம்புல்லும் வில்வமும். கொம்புகளுக்கு இடையால் பார்த்தபோது உள்ளே சிவலிங்கத்தின் முன் எரிந்த தீபம் தெரிந்தது. என் பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் வாய்விட்டு, "அப்பனே, என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்" என்றார். அவருக்குக் கேட்பதற்கு ஒன்று இருந்தது. எனக்குத்தான் எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

தீபாராதனை முடிந்து பஞ்சபுராணம் ஓதினார்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்தில் இருந்தும் ஒவ்வொரு பாட்டு. எங்கள் நாட்டுக் கோயில்களில் இது இல்லாமல் பூசை நிறைவாகாது. ஓதுவார் இல்லாத கோயிலில் கூட்டத்தில் நிற்கும் யாராவது ஒருவர் முன்னே வந்து பாடுவார். எத்தனையோ சின்னக் கோயில்களில் அந்த 'யாராவது ஒருவர்' என் அம்மாவாக இருந்திருக்கிறார்.

பூசை கலைந்த பிறகு உள்வீதியைச் சுற்றி வந்து, சமயகுரவர் நால்வர் முன்னால் உட்கார்ந்தேன். கையில் பொற்கிண்ணத்தோடு சம்பந்தர், புல் செதுக்கும் உழவாரத்தைத் தோளில் சார்த்திய அப்பர், மாப்பிள்ளைக் கோலத்தில் சுந்தரர், ஏட்டுச்சுவடியோடு மாணிக்கவாசகர். சிறு வயதில் இருந்து பார்க்கும் கோலங்கள். அன்று வேறொரு விதமாகத் தெரிந்தார்கள்.

இந்த நால்வரில் ஒருவரும் தம் வழியைத் தேடிப் புறப்பட்டவர் இல்லை. சம்பந்தர் சீர்காழிக் குளக்கரையில் அப்பாவைக் காணவில்லை என்று அழுத மூன்று வயதுக் குழந்தை. சுந்தரருக்குக் கல்யாணப் பந்தலில், 'நீ எனக்கு அடிமை' என்று ஓர் ஓலையோடு கிழவர் ஒருவர் வந்து குறுக்கே நின்றார். மாணிக்கவாசகர் பாண்டியனுடைய பணத்தோடு குதிரை வாங்கப் போனவர். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டதும் குதிரையும் மறந்தது, அமைச்சர் பதவியும் மறந்தது. அப்பரைக் கொண்டுவந்து சேர்த்தது சூலைநோய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்ட வலி. ஒவ்வொருவரும் வேறு காரியமாக இருந்தபோதுதான் அழைப்பு வந்திருக்கிறது.

அப்பரிடம் வந்து நின்றதும் அம்மாவின் ஞாபகம் முட்டிக்கொண்டு வந்தது. அம்மா யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். கொழும்புக்கு வந்த பிறகு சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டு முன்னறையில் அயல் பிள்ளைகளுக்குத் தேவாரமும் நாயன்மார் கதையும் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கியதில்லை. அப்பர் கதையை அவர் ஒருநாளும் அப்பரில் இருந்து தொடங்கியதில்லை. அக்காவில் இருந்துதான் தொடங்குவார்.

திலகவதியாருக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்துபோகிறார். தாய் தந்தையும் முன்பே போய்விட்டார்கள். தாமும் உயிரை விடத் துணிந்தவர், பின்னாளில் அப்பரான தம்பி மருள்நீக்கியார் வாழ வேண்டும் என்பதற்காக உயிரைத் தாங்குகிறார். அந்தத் தம்பியும் வளர்ந்து சமண சமயத்துக்குப் போய், தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாகிவிடுகிறார். அக்கா யாருக்காக இருந்தாரோ அவரே போய்விட்டார். இந்த இடத்தில் அம்மா நிறுத்தி, "இப்போது அக்கா என்ன செய்தார்?" என்று கேட்பார். பிள்ளைகள் ஒரே குரலில், "கூட்டினார்!" என்று கத்துவார்கள்.

ஆம், கூட்டினார். திருவதிகை வீரட்டானக் கோயிலில் விடியுமுன் போய் அலகிட்டார், சாணத்தால் மெழுகினார், பூக் கொய்து மாலை கட்டினார். தம்பி வருவானா என்று தெரியாது. ஆண்டவனிடம் முறையிட்டதும் உண்டு, ஆனால் முறையிட்டு முடித்த கையோடு அடுத்த நாளும் கூட்டினார். நோயோடு தம்பி இரவில் வந்து காலில் விழுந்தபோது, திருநீறு கொடுத்து, விடியற்காலையில் திருவலகையும் மெழுக்கையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு அவரை அழைத்துப் போனார். அந்த நடையின் முடிவில்தான் அப்பருடைய முதல் பதிகம் பிறந்தது. பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் கையில் இருந்த உழவாரம் எங்கிருந்து வந்தது என்று நான் தனியே சொல்லவும் வேண்டுமா? அக்காவின் துடைப்பம்தான் தம்பி கையில் உழவாரமானது என்பது என் அம்மாவின் துணிபு. என் துணிபும் அதுதான்.

அறுபத்து மூவர் வரிசையில் திலகவதியாருக்கு இடம் இல்லை. எனக்கு இது எப்போதும் ஓர் ஆதங்கம். அந்தப் பெண் அன்று கூட்டாமல் விட்டிருந்தால் தமிழ்ச் சைவத்துக்கு ஒரு நாவுக்கரசர் ஏது?

உட்கார்ந்திருந்த கோயிலும் அதே கதையைச் சொன்னது. 1857இல் பொன்னம்பல முதலியார் இங்கே ஒரு சிவன் கோயிலைக் கட்டினார். அவருடைய மகன் பொன்னம்பலம் இராமநாதன் சொலிசிட்டர் ஜெனரலாகப் பல ஆண்டுகள் இருந்து, 1906இல் ஓய்வு பெற்றார். அப்போது வயது ஐம்பத்தைந்து. அரசாங்க உத்தியோகத்தில் அதற்கு மேல் ஏற என்ன இருக்கிறது என்று எண்ணக்கூடிய கட்டம். அடுத்த ஆண்டே அப்பாவின் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பத் தொடங்கினார். 1912இல் திருப்பணி நிறைவேறியது. 1913இல் யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரியையும் தொடங்கினார். அவர் வாழ்க்கையில் இன்று நாம் தொட்டுப் பார்க்கக்கூடியவற்றில் பெரும்பகுதி ஓய்வூதியத்துக்குப் பிறகு வந்தது. முதலில் கையில் எடுத்ததும் புதிய யோசனை எதுவும் இல்லை, தந்தை விட்டுப்போன கோயிலைத்தான்.

ஒருவருடைய வழி அவருடைய மனதுக்குள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது, ஆழத் தோண்டினால் கிடைக்கும் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். நானும் மாதக்கணக்கில் தோண்டியிருந்தேன். அந்தக் கல்தரையில் உட்கார்ந்திருந்தபோது, அது எனக்குள் இருந்து வரப்போவதில்லை என்று தெளிந்தது. இன்னொருவர் கையில் இருந்துதான் வரும். யாருடைய கை என்றும் தெரிந்தது. ஆனால் அம்மாவின் இடத்தில் நான் உட்காரலாமா என்ற தயக்கம் விடவில்லை. எனக்கு அம்மாவின் குரலும் இல்லை, பண்ணும் பாதிதான் தெரியும்.

எழுந்து திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தேன். செருப்பு வைக்கும் இடத்தில், எங்கள் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒரு பெண் மகளோடு நின்றார். மகள் அம்மாவிடம் படித்த பிள்ளை.

"அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். துக்க வீடு என்று இத்தனை நாளும் வாய் வரவில்லை."

"கேளுங்கள், பிள்ளை."

"சனிக்கிழமை வகுப்பு இனி இல்லையா?"

நான் பேசாமல் நின்றேன். சின்னவள் தாயின் கையை விட்டுவிட்டு, "அன்ரி, நாங்கள் அப்பர் கதையில் பாதியில் நிற்கிறோம்" என்றாள். எந்த இடத்தில் என்று கேட்டேன். "அக்கா கூட்டிக்கொண்டிருக்கிற இடத்தில்" என்றாள்.

கோயிலுக்குள் மறுபடி போய் ஓர் அர்ச்சனை செய்தேன். பற்றுச்சீட்டு எழுதியவர் யார் பெயருக்கு என்று கேட்டபோது அந்தப் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன்.

இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வருகிறார்கள். அம்மாவின் தேவாரத் திரட்டைத்தான் வைத்துக்கொள்கிறேன். மட்டை பிய்ந்து, விளக்கெண்ணெய் பட்டு மூலைகள் கண்ணாடி போல ஆகிவிட்ட புத்தகம். ஒவ்வொரு வரியிலும் மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டிருக்கிறார். எனக்குப் பண் தடுமாறும் இடத்திலும் அந்தக் கோட்டில் நிறுத்தி எடுத்தால் பாட்டு விழாமல் நிற்கிறது. ஒரு பையனுக்கு ழகரம் இன்னும் வரவில்லை. 'புகழ்' என்பதைச் சொல்ல வைக்க அவனோடு மல்லுக்கட்டுகிறேன். நாலு மணிக்கு இப்போதும் விழிப்பு வருகிறது. அன்றைய பதிகத்தை ஒரு தடவை பாடிப் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பியிடம் சொன்னேன். விடுமுறைக்கு வருகிறேன், குடியிருக்க வரவில்லை என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மாவின் புத்தகம் உங்களிடம்தானா இருக்கிறது?" என்று கேட்டான். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான், மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவாம். அன்று இரவே எடுத்து அனுப்பினேன். எழுத்துத் தெரிகிறது, பென்சில் கோடுதான் தெரியவில்லை என்று காலையில் செய்தி வந்திருந்தது. பகலில் யன்னல் பக்கம் வைத்துத் திரும்ப எடுத்து அனுப்ப வேண்டும்.