உப்பு ஏறிய ரீலை வீட்டிலேயே பிரித்து மாட்டிய கதை

மழைக்காலம் முடிந்து தூண்டில் சாமான்களை வெளியே எடுத்தபோது என் 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், அதாவது தூண்டில் லைனைச் சுற்றிவைக்கும் கருவி, கரகரவென்று சுற்றியது. போதாததற்கு, லைன் எறியும்போதெல்லாம் முறுக்கேறிச் சுருண்டுகொண்டது. பழவேற்காடு முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்காக அதிகம் உழைத்த ரீல் அது. உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்பது தெரிந்தது. எங்கே போயிருக்கிறது என்பதைத் திறந்தால்தான் சொல்ல முடியும். சர்வீசுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க மனமில்லை. நானே உட்கார்ந்துவிட்டேன்.

ரீல் பெட்டியில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு படம் இருக்கும். பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள். அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேசையில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, கழற்றும் வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக அடுக்கினேன். வெள்ளைத் துணியில் கடுகளவு வாஷர்கூடத் தப்பாது. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஸ்குரூ டிரைவர் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜப்பானிய ரீல்களில் இருக்கும் ஸ்டார் ஸ்குரூக்கள் ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை. நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் டிரைவர் பள்ளத்தில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருகினால் மேலே எழும்பி ஸ்குரூவின் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒரு செட் வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். அப்படியும் ஒரு ஸ்குரூ அசையவில்லை. அலுமினிய உடம்பில் ஸ்டீல் ஸ்குரூ இருக்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடி பூத்து, மரை இறுகிவிடும். துரு இளக்கும் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். காலையில் அதிகம் மல்லுக்கட்டாமல் கழன்றது.

லைன் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலைக் கழற்றினால் டிராக் வாஷர்கள் கிடைக்கும். மீன் பலமாக இழுக்கும்போது லைன் அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பிரேக்தான் டிராக். ஒரு உலோக வாஷர் ஸ்பூலோடு சுற்றும், அடுத்தது தண்டோடு நிற்கும், நடுவில் கார்பன் வாஷர். இந்த வரிசை மாறினால் டிராக் வேலை செய்யாது. அதனால் ஒரு கம்பியில் கோத்து வைத்தேன். ஸ்பூலைச் சுற்றிவந்து லைனைச் சுற்றும் பாகமான ரோட்டரைப் பிடித்திருக்கும் நட்டை அசையவிடாமல் ஒரு குட்டி ஸ்குரூ பூட்டியிருக்கும், முதலில் அதை எடுக்க வேண்டும். சில ரீல்களில் அந்த நட் எதிர்த்திசை மரை. எந்தப் பக்கம் கழலும் என்று தெரிந்துகொள்ளாமல் பலம் காட்டாதீர்கள்.

கியர் பல்லெல்லாம் தேய்ந்திருக்கும் என்று பயந்துகொண்டேதான் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். பல் ஒன்றுகூடப் போகவில்லை. கிரீஸ் பழுப்பாகிக் கெட்டிப்பட்டிருந்தது, அவ்வளவுதான். கரகரப்பு கைப்பிடிப் பக்கத்து பேரிங்கிலிருந்து வந்திருக்கிறது. உண்மையான சேதம் லைன் ரோலரில். லைனைப் பிடித்து ஸ்பூலில் சேர்க்கும் வளைகம்பியான பெய்லின் முனையில் லைன் திரும்புகிற அந்தக் குட்டி உருளையை நாம் யாரும் கவனிப்பதே இல்லை. ஆனால் கடலில் நனைந்து வரும் லைன் ரீலில் முதலில் தொடுவதே அதைத்தான். இழுக்கும் ஒவ்வொரு முறையும் உப்புத்தண்ணீரை அங்கேதான் பிழிந்துவிடுகிறது. உள்ளே இருந்த பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. உருளை சுற்றாததால் லைன் அதன்மேல் உரசிக்கொண்டே போய் முறுக்கேறியிருக்கிறது.

அந்த பேரிங்கைக் காப்பாற்ற முடியவில்லை. உள்துளை, வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்தால் போதும், எந்தக் கம்பெனியின் பேரிங்கும் பொருந்தும். என்னுடையது 4×7×2.5 மி.மீ. கைப்பிடி பேரிங்கைக் கழுவியே மீட்டுவிட்டேன். ஓரத்து வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்து, மூடியைக் கழற்றி, லைட்டர் திரவத்தில் அலசிக் காயவைத்தேன். பென்சில் முனையில் மாட்டிச் சுண்டினால் கரகரப்பில்லாமல் சுற்ற வேண்டும். இந்த வேலையைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுத்துவிடும்.

இனி எண்ணெய். கியருக்கு மெல்லிய பூச்சாக மரைன் கிரீஸ், பேரிங்குக்கு ஒரு சொட்டு ரீல் ஆயில். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது, நாளானால் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி பேரிங்கில் கிரீஸ் படவே கூடாது. அதன் உள்ளே இருக்கும் உருளைகள் பிடிப்பு இழந்து, மீன் இழுக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னோக்கி ஓடும். அதற்கு மெல்லிய எண்ணெய், அதுவும் பட்டும் படாமல். கார்பன் வாஷர்களுக்கு டிராக் கிரீஸ் தடவித் துடைத்தேன். ஸ்குரூ மரைகளுக்கும் துளி கிரீஸ் வைத்தேன், அடுத்த முறை இறுகாது.

மாட்டி முடித்ததும் கொக்கித் தராசில் லைனைக் கட்டி இழுத்து டிராக்கைப் பார்த்தேன். 8 கிலோ தாங்கும் லைனுக்கு 2 கிலோவில் டிராக் விட ஆரம்பித்தால் சரி. வெட்டி வெட்டி இழுக்காமல் ஒரே சீராக விட்டது.

கழுவுகிற தண்ணீரையும் பாருங்கள். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடி நீரில் ஏறி வெகுகாலமாகிறது. கடற்கரை ஓரம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் ரீலைக் கழுவி என்ன பயன்? நான் இப்போது கேன் தண்ணீரை ஸ்பிரேயரில் ஊற்றிக்கொள்கிறேன். டிராக்கை இறுக்கிவிட்டு, மேலாக மட்டும் தூவல். குழாயைத் திறந்து பீய்ச்சினால் உப்பை நாமே உள்ளே தள்ளுவதாகிவிடும். இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு லைன் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஸ்பூலைத் தனியாகக் கழற்றி நல்ல தண்ணீரில் ஊறவைக்கிறேன், டிராக் வாஷர்களை எடுத்துவிட்டு. நிழலில் காய்ந்ததும் லைன் ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய். பிறகு டிராக்கைத் தளர்த்தி, அடுத்த தடவை கிளம்பும்வரை அப்படியே வைத்துவிடுகிறேன்.