ஓரியூர் மண்ணில் ஒரு புதன்கிழமை

ஓரியூரில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித அருளானந்தருக்கு நேர்ந்துகொண்டவர் என் வீட்டுக்காரர். நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "தேவகோட்டையிலேருந்து நடந்தே வர்றேன் சாமி" என்றார். அந்த வருஷம் உடம்பு தேறவில்லை. அடுத்த வருஷம் கால் வீக்கம். அதற்கடுத்த தவக்காலம் வருவதற்குள் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். நேர்ச்சை பாக்கி நின்றுவிட்டது.

நான் குடியிருப்பது காரைக்குடியில், ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டில். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு, அவ்வளவு நீளம். வீட்டு ஆச்சி பிள்ளைகளோடு சென்னையில் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு என்றால் வந்து திறப்பார்கள். அந்த நாலு நாளும் வளவு நிறைய ஆளாக இருக்கும். மற்ற நாட்களில் முற்றம், பட்டாலை, மேல்மாடி எல்லாம் பூட்டிக் கிடக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் முன்திண்ணையில் படுத்திருப்பார். என் வீட்டுக்காரர் இருந்தவரை எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. அவர் போன பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டின முற்றத்துக்குள் புறா சிறகடிக்கும் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும்.

அரிசி அளப்பதுதான் பெரிய வேதனை. எனக்கு ஓர் ஆழாக்கு போதும். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், கை தானாக ஓர் உழக்கை அள்ளிவிடும். பாதியைத் திரும்ப டப்பாவில் கொட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறேன். விடியவே வேண்டாம் என்று நினைத்துப் படுத்த ராத்திரிகளும் உண்டு. மஸ்கட்டிலிருந்து மகன் கூப்பிட்டு, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்பான். "நல்லா இருக்கேன்யா" என்பேன். வேறென்ன சொல்ல?

வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல்தான் சொன்னார்கள். "ஆண்டவர் சித்தம்", "அழக் கூடாது, அவர் மோட்சத்துல இருக்கார்", "விசுவாசத்தை விட்டுறாதீங்க". இந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுள்ளென்று ஏறும். விசுவாசம் இருக்கிறவள்தானே ஆண்டவரிடம் சண்டை பிடிப்பாள்?

எங்கள் பங்குச்சாமியார் ஒருவர்தான் புத்தி சொல்லாமல், "88ஆம் திருப்பாடலை வாசிங்கம்மா" என்றார். அழுது தொடங்குகிற மற்றத் திருப்பாடல்கள் பெரும்பாலும் கடைசி வரிக்குள் புகழ்ச்சிக்கு வந்துவிடும். இது வராது. நண்பர்களை என்னிடமிருந்து எடுத்துவிட்டீர், இருட்டுதான் எனக்குத் துணை என்று முறையிட்டபடியே முடிந்துபோகும். அன்றைக்கு அதை ஐந்து தடவை வாசித்தேன். இப்படிக் கத்தினதையும் செபம் என்று ஏற்றுத் தம் வேதப் புத்தகத்தில் வைத்திருக்கிறாரே ஆண்டவர்! அந்த ராத்திரிதான் ஓரியூர் போவது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை போக வேண்டும் என்பது என் ஆசை. சாமியைத் தலை வெட்டிய 1693 பிப்ரவரி 4, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன். தேவகோட்டையிலிருந்து முழுக்க நடக்க அறுபத்தொரு வயசில் முடியாது. "திருவாடானை வரைக்கும் பஸ், அங்கேயிருந்து நடை, ஏத்துக்கங்க" என்று சாமியிடம் பேசிக்கொண்டேன். விடியற்காலை பஸ் பிடித்துத் திருவாடானை கோபுரம் தெரிந்ததும் இறங்கி ஒரு டீ குடித்தேன். ராத்திரி முழுக்க நடந்து வந்த ஒரு கூட்டம் அங்கே நின்றது. முன்னால் ஒரு பையன் மரச்சிலுவை தூக்கியிருந்தான். அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

அறுவடை முடிந்த நேரம். ரோட்டில் பாதி தூரம் வைக்கோலும் நெல்லும் காயப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவருக்காக நடப்பதால் செருப்பில்லாமல் நடந்தேன். பத்து மணிக்குமேல் தார் கொதித்தது. குதிகாலில் கொப்புளம் வந்து உடைந்தும் விட்டது. கூட்டத்தின் செபமாலைச் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது, கடைசியில் அதுவும் கேட்கவில்லை. ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன்.

அங்கேதான் அவரைத் திட்டினேன், சத்தமாகவே. "நேர்ந்துக்கிட்டது நீங்க, நடக்கிறது நானா? என்னை இப்படி நடுரோட்டுல விட்டுட்டுப் போகத்தான் அவ்வளவு அவசரமா?" அடக்கம் பண்ணிய நாளுக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. நாலு ஆடும் ஒரு மேய்க்கிற பையனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முந்தானையைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டு எழுந்தேன்.

கோவில் வாசலுக்கு வந்தால் வேறு பாடு. மெழுகுவர்த்தியும் உப்பு மிளகுப் பொட்டலமும் நம் கையில் திணித்துவிட்டு, வாங்கினதும் முப்பது ரூபாய் என்கிறார்கள். ஒருவர் செம்மண்ணையே பொட்டலம் கட்டி விற்கிறார். சாமி இரத்தம் சிந்தின மண்ணுக்கு விலையா? மனசு கொதித்துவிட்டது. பூசையில் நன்மை வாங்குகிற நேரத்தில் ஒரு பிள்ளை என் தோளுக்கு மேலே செல்போனை நீட்டிப் படம் எடுக்கிறது. வெளியே மரத்தடியில் முடியிறக்குகிறார்கள், கிடா வெட்டிச் சமைக்கிறார்கள், எல்லா ஊர்ச் சனமும், எல்லா மதத்துச் சனமும். அந்தப் புகை எனக்குப் பிடித்திருந்தது.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் செம்மண்ணில் முழங்கால் போட்டேன். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று வந்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. கையை மண்ணுக்குள் விட்டேன். மேல்மண் சுட்டது. விரல் உள்ளே போகப் போகக் குளிர்ச்சி. மணிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது.

சாமி இங்கே கடைசி ராத்திரியை எப்படிக் கழித்திருப்பார் என்ற நினைப்பு வந்தது. 1647ல் லிஸ்பனில் பிறந்தவர், அரண்மனையில் வளர்ந்தவர். சின்ன வயசில் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபைத் துறவிகளின் அங்கி போட்டுவிடுகிறேன் என்று அவருடைய அம்மா சவேரியாருக்கு நேர்ந்துகொண்டவர். பெற்றவளின் நேர்ச்சையைப் பிள்ளை உடம்பில் சுமந்தார். என் வீட்டுக்காரர் நேர்ச்சையை நான் காலில் சுமந்து வந்திருக்கிறேன். இங்கே அடிபட்டுச் சித்திரவதைப்பட்டு ஊர் திரும்பியவரை போர்ச்சுகல் ராஜா அங்கேயே இருக்கச் சொன்னார். கேட்காமல் 1690ல் மறுபடி நம் மண்ணுக்கே வந்தார், காவி கட்டி, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, நம் பேச்சைப் பேசிக்கொண்டு. சாவதற்கு முதல் நாள் பிப்ரவரி 3, இதே ஓரியூர்ச் சிறையிலிருந்து தம் சபையாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அம்மா பக்கத்தில் இல்லை, தாய்மொழியில் நாலு வார்த்தை பேச ஆள் இல்லை. அந்தக் கடிதத்தில் அவர் சாவைக் கண்டு கலங்கவில்லை என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு அந்தத் தைரியத்தைவிட அவர் கடிதம் எழுதினார் என்பதுதான் மனசைப் பிடித்தது. தனியாகக் கிடந்த மனுசர், பேசுவதற்கு ஓர் ஆளைத் தேடியிருக்கிறார்.

மண்ணுக்குள் கை இருக்கும்போதே என் வாயிலிருந்து என் வீட்டுக்காரர் பேர் வந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் சொல்லாத பேர். ஒரே ஒரு தடவை சொன்னேன். யாரோ பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து அதைக் கேட்டதுபோல இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் ஆண்டவரே, அது நீர்தான் என்று எனக்குத் தெரியும். சிலுவையில் தொங்கி "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டவருக்குத்தானே கைவிடப்பட்டவள் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று தெரியும்! ஒரு பதிலும் சொல்லவில்லை நீர். ஏன் எடுத்தீர் என்று நானும் கேட்கவில்லை. அவ்வளவு நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. நன்றி சாமி, நன்றி சாமி என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எழுந்து வந்தபோது மரத்தடியில் ஓர் அம்மாள், நெற்றி நிறைய திருநீறு, என் கையைப் பிடித்தார்.

"ஏத்தா, தனியாவா வந்த? சாப்பிட்டியா?"

"தவக்காலம் ஆத்தா, கறி சாப்பிட மாட்டேன்."

"கறி இல்லாட்டி என்ன? சோத்துல மோரு ஊத்துறேன், உக்காரு."

ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பேரனுக்கு முடியிறக்க வந்த குடும்பம். இலையில் சோறு போட்டு, மோர் ஊற்றி, ஒரு மாங்காய்த் துண்டும் வைத்தார். சூரைச்செடி அடியில் படுத்துக்கொண்டு, உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்ட இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றார், அப்பமும் தண்ணீரும் வைத்தார். ஞாயிறு தவறாமல் பூசை கண்டவள் நான், அந்த வாசகத்தின் அர்த்தம் அந்த இலைக்கு முன்னால்தான் விளங்கியது.

"உன் வீட்டுக்காரவுக பேரு என்னத்தா?" என்று கேட்டார் அந்த அம்மாள். அவர் போன பிறகு அவர் பேரை என்னிடம் கேட்ட முதல் ஆள். இரண்டாவது தடவையாகச் சொன்னேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பேரனைக் கூப்பிட்டு, "இந்த அப்பத்தா வீட்டு ஐயாவுக்கும் சாமிகிட்ட கேளுடா" என்றார். அது கையைக் குவித்து என்னைத்தான் கும்பிட்டது.

கொண்டுவந்த ஒரு பிடி மண்ணை அவருடைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் போட்டுப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலமும் புறா சிறகடித்தது, அழுகையும் வந்தது. கை ஓர் உழக்கு அரிசியை அள்ளியது. திரும்பக் கொட்டவில்லை. பின்வாசல் வழியாகச் சுற்றிப் போய், முன்திண்ணைப் பெரியவரிடம், "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

தேவகோட்டையிலிருந்து திருவாடானை வரைக்கும் நடை இன்னும் பாக்கி. கால் ஆறட்டும் சாமி, அடுத்த தவக்காலத்துக்கு வந்து தீர்த்துவிடுகிறேன்.