செவலை புது லாயத்துக்குப் பழகிய கதை

நாடு மாறப் போகிறேன், குதிரையையும் கூட்டிப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "குதிரை எப்படி விமானத்தில் போகும்?" எனக்கும் அதுதான் பெரிய காரியமாகத் தெரிந்தது. செவலை ஒரே இரவில் பறந்து வந்துவிட்டாள். வந்த இடத்தைத் தன் இடமாக அவள் எடுத்துக்கொள்ள நான்கு மாதம் ஆனது. இதே யோசனையில் இருப்பவர்களுக்காக அந்த நான்கு மாதத்தை எழுதுகிறேன்.

அவளுக்கு வயது பன்னிரண்டு, நிறத்தில் செவலை, பெயரும் அதுவே. ஏழு வருடமாக என்னோடு இருக்கிறாள். வெப்பமான நாட்டிலிருந்து குளிர் நாட்டுக்கு, இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தோம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்பதைப் பொறுத்து விதிகள் மாறும். எங்களுக்குக் குதிரைப் பாஸ்போர்ட், கழுத்தில் பதினைந்து இலக்க மைக்ரோசிப், இரத்தப் பரிசோதனைகள், புறப்படும் முன் தனிமைப்படுத்தல் எல்லாம் தேவைப்பட்டன. பாஸ்போர்ட்டில் குதிரையின் படம் வரைந்து, நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, உடம்பில் உள்ள சுழிகள் என எல்லாவற்றையும் குறிப்பார்கள். செவலையின் கழுத்துச் சுழி ஒன்று அதில் விடுபட்டிருந்தது. கடைசி வாரத்தில் அதைக் கண்டுபிடித்து மருத்துவரைத் திரும்ப வரவழைத்துத் திருத்த வேண்டியிருந்தது. உங்கள் குதிரையை வெயிலில் நிறுத்தி, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுழியாக நீங்களே சரிபாருங்கள்.

இந்தக் கறாரைப் பற்றி நிறையப் பேர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. 1956 ஒலிம்பிக் மெல்பர்னில் நடந்தபோது, ஆஸ்திரேலியாவின் தனிமைப்படுத்தல் சட்டம் வெளிநாட்டுக் குதிரைகளை அனுமதிக்காததால், குதிரையேற்றப் போட்டிகளை மட்டும் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். அப்படிக் காத்த அதே நாட்டில் 2007இல் குதிரை இன்ஃப்ளுயன்ஸா புகுந்து பரவியது. இருமும் ஒரு குதிரை எத்தனை லாயங்களை முடக்கும் என்று தெரிந்தவர் விதியைக் குறைசொல்ல மாட்டார்.

விமானத்தில் மூன்று குதிரைகள் வரை நிற்கக்கூடிய பெட்டியில் ஏற்றுவார்கள். இடம் கூடினால் கட்டணமும் கூடும். நான் மூன்றில் ஒரு பங்கு எடுக்காமல் பாதிப் பெட்டி எடுத்தேன். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குதிரை கால்களை அகட்டித்தான் சமநிலை காக்கும், அதற்கு அகலம் வேண்டும். செலவு கடித்தது, ஆனாலும் இன்னொரு முறை போனாலும் அதையே செய்வேன்.

மூன்றாம் நாள் காலையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வந்திறங்கியபோது செவலை நன்றாகவே இருந்தாள். தண்ணீர் குடித்தாள், புல் தின்றாள், சாணம் போட்டாள். லாயத்தில் இருந்தவர்கள் "அவ்வளவுதான், இனிமேல் கவலை இல்லை" என்றார்கள். மூன்றாம் நாள் காலை தொட்டியில் பாதிப் புல் அப்படியே கிடந்தது. இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. களைப்புதான் என்றார்கள். நான் காலையும் மாலையும் உடல் வெப்பம் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவந்தேன். குதிரைக்கு 37.5இலிருந்து 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அன்று 39.2 காட்டியது. முந்தைய நாள் மாலை 37.9.

அரை மணி நேரத்தில் கால்நடை மருத்துவரை அழைத்துவிட்டேன். அவர் மார்பில் காது வைத்துக் கேட்டார், ஸ்கேன் செய்தார், இரத்தம் எடுத்தார். பயணக் காய்ச்சல். நீண்ட பயணத்துக்குப் பின் வரும் நுரையீரல் தொற்று இது. முற்றினால் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டி உயிருக்கே ஆபத்தாகும். இது வரும் வழியை அவர் விளக்கியது இன்றும் மனதில் இருக்கிறது. மேயும்போது குதிரையின் தலை தரையை ஒட்டி இருக்கும். மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் அந்த நிலையில் தானாக வெளியே வடிந்துவிடும். பயணத்தில் தலையை உயரக் கட்டி வைத்தால் வடிய வழியில்லை, கிருமி கீழே இறங்குகிறது. பெட்டிக்கு அகலம் பார்த்த நான், தலைக்கயிறு எவ்வளவு நீளம் விடுவார்கள், இடையில் எத்தனை முறை தலையைத் தாழ்த்த விடுவார்கள் என்று கேட்காமல் விட்டேன். அதைக் கட்டாயம் கேளுங்கள்.

சீக்கிரம் பிடித்ததால் ஆன்டிபயாட்டிக்கில் அடங்கியது. அந்த நோட்டு இல்லாவிட்டால் இன்னும் இரண்டு நாள் "களைப்புதான்" என்று விட்டிருப்போம். தெர்மாமீட்டரை உங்கள் கைப்பையிலேயே வையுங்கள், சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள்.

அடுத்தது வயிறு. பழைய புல்லை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. குதிரையின் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்கின்றன. தீவனம் திடீரென மாறினால் அவை தடுமாறும், வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். அதனால் தானியத்தை முழுக்க நிறுத்திவிட்டு, சத்துக் குறைந்த, தண்டு நிறைந்த காய்ந்த புல்லாகத் தேடிப்பிடித்து, நனைத்துப் போட்டேன். நனைத்தால் தூசி அடங்கும், நுரையீரலுக்கும் அது நல்லது. தொட்டி காலியாக விடவே இல்லை. குதிரையின் வயிற்றில் அமிலம் எந்நேரமும் சுரக்கும், அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். கவலையில் இருக்கும் குதிரையை வெறும் வயிற்றில் நிறுத்துவது புண்ணை வரவழைக்கும். புது ஊர்த் தண்ணீரின் ருசி பிடிக்காமல் முகர்ந்துவிட்டுத் திரும்பினாள். புல் நனைத்த தண்ணீரை அதில் கொஞ்சம் கலந்ததும் குடித்தாள். வெளியே பச்சைப் பசேலென்ற மேய்ச்சல் நிலம் இருந்தும் முதலில் கால் மணி நேரம் மட்டுமே விட்டேன். சர்க்கரை மிகுந்த புல்லை அளவின்றித் தின்றால் குளம்புக்குள் அழற்சி வரும். வாரக்கணக்கில்தான் நேரத்தைக் கூட்டினேன்.

காய்ச்சல் போனது, வயிறு சரியானது, ஆனால் அவள் தூங்கவில்லை. குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். பயம் இருக்கும் இடத்தில் படுக்காது. அறைத் தரையில் படுக்கையாக மரச்சீவல் பரப்பியிருக்கும், படுத்தால் உடம்பில் ஒட்டும். தினமும் காலையில் போய் அவள் விலாவிலும் வாலிலும் அது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு வாரத்துக்கு மேலாக ஒரு சீவல்கூட இல்லை. புதுக்குதிரை என்பதால் மற்றக் குதிரைகளிடமிருந்து தள்ளி, ஓரத்து அறையில் இருந்தாள். தூரத்தில் எது கனைத்தாலும் இவள் பதில் கனைப்பாள். என் கார் சத்தம் கேட்டால் லாயமே அதிரக் கூப்பிடுவாள். தெரிந்த உயிர் நான் ஒருத்திதான். அந்த நாட்களில் வீட்டில் பெட்டிகூடப் பிரிக்காமல் அவள் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அங்கே வேறு யாரையும் தெரியாது.

தனிமைப்படுத்தல் முடிந்ததும் கூட்டத்தில் விடச் சொன்னார்கள், அவையே தீர்த்துக்கொள்ளும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. உதை ஒன்று பட்டால் கால் எலும்பு போய்விடும். லாயத்தில் ஒரு வயதான மட்டக்குதிரை இருந்தது, யாரோடும் வம்புக்குப் போகாத சாது. முதலில் அதைப் பக்கத்துத் திடலில், வேலிக்கு அந்தப்புறம் விட்டோம். முதல் நாள் மூக்கோடு மூக்கு வைத்து வீறிட்டாள், முன்காலால் தரையை அறைந்தாள். நான்காம் நாள் வேலியை ஒட்டியே இரண்டும் மேய்ந்தன. ஒரு வாரம் கழித்து ஒரே திடலில் விட்டு, அறையையும் அதன் பக்கத்துக்கு மாற்றினோம். அடுத்த நாள் காலை அவள் இடது விலா முழுக்க மரச்சீவல். வாலிலும் கொத்தாக ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொழியும் ஒரு சிக்கலாக இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. "நில்லு", "நட", "காலைத் தூக்கு" என்றால்தான் அவளுக்குப் புரியும். அங்கே வேலை பார்த்த பெண் தன் மொழியில் எதையோ சொல்ல, இவள் அசையாமல் நிற்பாள். முரட்டுக்குதிரை என்று பேர் வாங்கப் பார்த்தாள். நான்கைந்து சொற்களை எழுதி அறைக்கதவில் ஒட்டினேன். அந்தப் பெண் அவற்றை அழகாகப் பழகிக்கொண்டாள். லாடக்காரர் வந்த அன்று அவள் "காலைத் தூக்கு" என்றதும் செவலை காலைக் கொடுத்தாள்.

குளிருக்கு ரோமம் அடர்வதை முக்கியமாகப் பகல் நேரம் சுருங்குவதுதான் தூண்டுகிறது. வெப்ப நாட்டின் மெல்லிய ரோமத்தோடு வந்தவளுக்கு அந்த முதல் குளிர்காலத்தில் போர்வை இல்லாமல் முடியவில்லை. ஈர மண்ணில் குளம்பும் மென்மையானது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரரை வரவழைத்தேன்.

சவாரிக்கு மட்டும் அவசரப்படவில்லை. "ஏறி ஓட்டினால் சரியாகிவிடுவாள்" என்று சொன்னவர்கள் உண்டு. மருத்துவர் நுரையீரலை மறுபடி பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கயிறு பிடித்து நடத்தினேன், ஒரே பாதையில், ஒரே நேரத்துக்கு. காற்றில் படபடக்கும் தார்ப்பாய் ஒன்று அந்தப் பாதையில் இருந்தது. அதைத் தாண்டவே எட்டு நாள். எட்டாம் நாள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு நடந்தாள். இரண்டாம் மாதக் கடைசியில்தான் சேணம் போட்டேன்.

நான்காம் மாதம் அவள் முழுக் கூட்டத்தோடு மேய்ந்தாள். இப்போதெல்லாம் என் கார் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, மட்டக்குதிரையின் பக்கத்தில் மறுபடி மேயக் குனிகிறாள்.