இளங்கலை ஆய்வேட்டுக்கு மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

ஆய்வேடு கைக்கு வந்ததும் மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சுருக்கம், முன்னுரையில் உள்ள ஆய்வுக் கேள்வி, முடிவுரை ஆகியவற்றைத்தான் முதலில் புரட்டுவார். கேட்ட கேள்விக்கு முடிவுரை பதில் சொல்லவில்லை என்றால், நடுவில் எத்தனை அட்டவணை இருந்தாலும் மதிப்பெண் ஏறாது.

அதிகம் பேர் சறுக்குவது முந்தைய ஆய்வுகளை அலசும் இயலில். 'இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்' என்று பத்திக்கு ஒருவராக அடுக்கினால் அது வெறும் குறிப்பேடு. யாரோடு யார் முரண்படுகிறார், எந்த இடம் இன்னும் விடுபட்டிருக்கிறது என்று காட்ட வேண்டும்.

மொழிக்கான மதிப்பெண் எழுத்துப்பிழையோடு முடிவதில்லை. 30 பேரிடம் கருத்துக் கேட்டுவிட்டு, 'கைபேசியால் மாணவர்கள் கவனம் இழப்பது நிரூபணமாகிறது' என்று எழுதினால் இலக்கணம் சரி, வாதம் பிழை. 'பங்கேற்ற 30 பேரில் பெரும்பாலோர் கவனச்சிதறலைக் குறிப்பிட்டனர்' என்பதே தரவு தாங்கும் வாக்கியம்.

ஆய்வேட்டில் எவ்வளவு பகுதி பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒற்றுமை அறிக்கையின் சதவீதத்தைப் பார்த்துச் சிலர் வீணாகப் பதறுகிறார்கள். மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அந்த எண்ணை ஏற்றிவிடும். ஆங்காங்கே சிதறிய 20 சதவீதத்தைவிட, ஆதாரம் காட்டாமல் ஒரே பத்தியாக வந்த 5 சதவீதம்தான் வம்பு.

பல பல்கலைக்கழகங்களில் இருவர் தனித்தனியே திருத்துவார்கள். வித்தியாசம் பெரிதானால் மூன்றாமவரிடம் போகும். வாய்மொழித் தேர்வு இருந்தால் 'ஏன் இந்த ஆய்வு முறை?' என்ற கேள்வி அநேகமாக வரும். 'வழிகாட்டி சொன்னார்' என்பது பதிலாகாது.