ஓடுகிற மனதைத் திரும்பக் கூட்டி வருவது

மன உறுதி இருந்தால் மன அமைதி தானாக வரும் என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த உறுதியை எந்த இடத்தில் போட வேண்டும் என்றுதான் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. நான் பழகித் தெரிந்துகொண்டவரை எழுதுகிறேன், இதே அவஸ்தையில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

எனக்கு நடந்தது வெளியே சொன்னால் சின்ன விஷயம்தான். ரொம்ப நெருங்கிய ஒருவரோடு வாக்குவாதமாகி, பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. படுத்தால் போதும், அவர் சொன்னது, அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, அதற்கு அவர் திருப்பிச் சொல்லக்கூடியது, அதற்கு என் பதில் என்று விடிய விடிய தலைக்குள் ஒரு சண்டை. ‘அதை நினைக்காதே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தால் இன்னும் வேகமாக ஓடும். மனித மனமே அப்படித்தான் போலிருக்கிறது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, மீறி நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும் என்று சிலரிடம் சொல்லி உட்கார வைத்தார். மணி அடிபட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றை நினைக்காமல் இருக்கிறோமா என்று காவல் காக்க வேண்டுமென்றால் அதை ஞாபகம் வைத்திருந்துதானே ஆக வேண்டும்!

சரி, நினைப்பை அடக்குகிற வேலையே வேண்டாம், கவனத்துக்கு வேறொரு இடம் கொடுப்போம் என்று மூச்சை எடுத்துக்கொண்டேன். முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும், நாற்காலியிலும் உட்காரலாம். மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், அது பாட்டுக்குப் போய் வரட்டும். கவனம் மட்டும் மூக்கு நுனியில். உள்ளே போகிற காற்று லேசாகக் குளிர்ந்திருக்கும், வெளியே வருவது கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், இந்த வித்தியாசம் பிடிபடுவதற்கே சில நாள் ஆகும். ஒவ்வொரு மூச்சு வெளியேறி முடியும்போதும் ஒரு எண். பழைய பௌத்த தியான உரைகளில் ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேல் போகாமலும் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். பழகிப் பார்த்தால் காரணம் புரிகிறது. ஐந்துக்குள் நிறுத்தினால் மனதுக்கு இடம் போதாமல் முண்டுகிறது, பத்தைத் தாண்டிவிட்டால் மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையையே பிடித்துக்கொள்கிறது.

இதில் நான் கவனித்த முக்கியமான இடம் ஒன்று உண்டு. மூச்சு வெளியே போய் முடிந்து, அடுத்தது உள்ளே வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. பெரும்பாலும் அந்தச் சந்தில்தான் பழைய சண்டை உள்ளே நுழையும். நுழைவது தெரியாது. நாலைந்து வசனம் ஓடி முடிந்த பிறகு, ‘அட, எண்ணிக்கை எங்கே போயிற்று’ என்று திடீரென்று உறைக்கும். உறுதி வேண்டியது அந்த நொடியில்தான். பாதியில் நிற்கிற வாதத்தை முடித்துவிட்டு வருவோமே என்று மனம் கெஞ்சும், அதுவும் நம் பக்கம் ஜெயிக்கிற மாதிரி இருந்தால் விடவே மனசு வராது. அதை அப்படியே பாதியில் விட்டுவிட்டு, நம்மையே திட்டிக்கொள்ளாமல், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். கீதையின் 6ஆம் அத்தியாயத்திலும் மனம் எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கிருந்தெல்லாம் அதைத் திருப்பிக் கொண்டுவா என்றுதான் வருகிறது. ஓடவே கூடாது என்று அங்கே நிபந்தனை இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

தூக்கம் வரும், கால் மரத்துப்போகும், சரியாக மூக்கிலேயே அரிக்கும். அதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதான். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும், அதனால் படபடப்பு அதிகமாக இருக்கிற நாளில் வெளிமூச்சைச் சற்று நீளமாக விட்டுவிட்டு அப்புறம் உட்காருவேன்.

மாற்றம் ஒரே நாளில் தெரியவில்லை. அந்த வாக்குவாதம் தலைக்குள் வருவது நிற்கவும் இல்லை. முன்பு இரவு முழுக்க ஓடியது, போகப் போக இரண்டு வசனம் ஓடும்போதே பிடிபட ஆரம்பித்தது. பிடிபட்டதும் மார்பில் இருக்கிற இறுக்கம் தெரியும், தாடை கெட்டியாக இருப்பது தெரியும், தெரிந்தவுடனே அது கொஞ்சம் தளரும். நான் அமைதி என்று சொல்வது இந்தத் தளர்வைத்தான். அந்த நிலையில்தான் அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் என்று எனக்குப் பட்டது. நானே கூப்பிட்டுப் பேசினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேசிக்கொள்கிறோம்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்தாலே பழைய காயங்கள் பொங்கி வந்து திணறடிக்கிறது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். கண்ணைத் திறந்துகொண்டு மெதுவாக நடந்தபடி பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம், அதுவும் முடியவில்லை என்றால் நல்ல மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. அதற்கும் உறுதி வேண்டும்தான்.